கணக்கு பிடிக்கும் என்றால், எந்தக் கணக்கு?

மகள் கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு, கல்லூரியில் எதில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே "வெறும் கணிதம் படித்தால் வாத்தியார் வேலைதானே" என்ற பயமும் எட்டிப் பார்க்கிறது. அந்தப் பயத்துக்கு அப்புறம் வருகிறேன். கணக்கில் அவளுக்கு எது பிடித்திருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும், மார்க்கை வைத்து அதைச் சொல்ல முடியாது.

பள்ளிக் கணக்கு பெரும்பாலும் வழிமுறை தெரிந்த கணக்கு. வேகமாகப் போட்டால் விடை வரும், விடை வந்தால் சந்தோஷம். கல்லூரியில் கணிதத்தையே முதன்மைப் பாடமாக எடுத்தால் கொஞ்ச நாளிலேயே பக்கம் பக்கமாக 'நிரூபிக்கவும்' என்றுதான் இருக்கும், எண்களைப் பார்ப்பதே அரிதாகிவிடும். நூறு வாங்கிய பிள்ளைகள் மிரள்வதும் இங்கேதான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பகா எண்களுக்கு (ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் 2, 3, 5, 7 போன்றவை) முடிவே இல்லை என்று யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் காட்டிய வழியை அவளிடம் சொல்லுங்கள்: கையில் இருக்கும் பகா எண்களையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டு, வருவதை அவற்றில் எதால் வகுத்தாலும் மீதி ஒன்று, ஆக பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் எங்கோ இருந்தே ஆக வேண்டும். "சரி, புரிந்தது" என்று எழுந்து போனால் ஒரு ரகம். "அப்படியானால் கூட்டி வரும் எண் எப்போதுமே பகா எண்தானா?" என்று கேட்டுவிட்டு, 2, 3, 5, 7, 11, 13 எல்லாவற்றையும் பெருக்கி, ஒன்று கூட்டி, 30031 என்று எழுதிவைத்துக்கொண்டு, அது உடையுமா உடையாதா என்று தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருந்தால் (உடையும், 59 பெருக்கல் 509) அது வேறு ரகம். அந்த ரகத்தைக் கணிதத்திலேயே விடுங்கள், குறுக்கே நிற்காதீர்கள்.

முதல் ரகம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. கணக்கைக் கருவியாகப் பிடிப்பவர்களுக்குப் பொறியியலும் இயற்பியலும் நன்றாகப் பொருந்தும். போட்டதை ஓடவிட்டுப் பார்க்க ஆசை என்றால் கணினி அறிவியல். விளையாட்டு ஸ்கோரையும் சராசரியையும் நோண்டிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குப் புள்ளியியல், இதை ஏனோ பலர் யோசிப்பதே இல்லை. ஆக்சுவரி என்கிற காப்பீட்டுக் கணிப்பு வேலையும் உண்டு. வால்நட்சத்திரப் புகழ் ஹாலி 1693-லேயே எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று அட்டவணை போட்டு உயிரோடு இருக்கும்வரை வருடாவருடம் கிடைக்கும் தொகைக்கு விலை கணக்கிட்டவர். ஆக்சுவரி வேலையில் சம்பளம் நன்றாக இருக்கும், ஆனால் பட்டத்துக்குப் பிறகும் வேலை பார்த்துக்கொண்டே வருடக்கணக்கில் தேர்வு எழுத வேண்டும். பொருளாதாரம் மேலே போகப் போக முழுக்கக் கணக்குதான், தெரியாமல் சேர்ந்து முழிப்பவர்கள் நிறைய.

இப்போது உங்கள் பயம். மேலே சொன்ன அதே பகா எண்களை வைத்துத்தான் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் 1977-ல் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையை, அதாவது செய்தியை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்ததை உடைப்பது மகா கஷ்டம், இணையப் பாதுகாப்பில் பெரும்பகுதி பல காலம் இந்த ஒரு கஷ்டத்தின் மேல்தான் நின்றது. ஆனால் இதைக் காட்டி வேலை தேடி வரும் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். கணிதப் பட்டம் மட்டும் போதாது, பக்கத்திலேயே பைத்தான் என்கிற கணினி நிரல் மொழியும் புள்ளியியலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது இருந்தால் மேற்படிப்பில் கணினிக்கோ பொருளாதாரத்துக்கோ தாவலாம், அங்கிருந்து கணிதத்துக்குத் திரும்பி வருவது அதைவிடச் சிரமம்.

கல்லூரி பார்க்கும்போது கடைசி வருடப் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாளையும் அவள் கையில் கொடுங்கள். முதல் வருடம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். புதுசு புதுசாகப் பெயர் வைத்த படிப்பென்றால் உள்ளே எத்தனை கணிதத் தாள் என்று எண்ணிப் பாருங்கள்.

30031-ஐக் கொடுத்துவிட்டு என்ன நடந்தது என்று எழுதுங்கள். விடையை மட்டும் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.