வாங்கிய குக்கர் வெடித்துக் காயம்பட்டால் இழப்பீடு கேட்க முடியுமா?

முடியும். இதற்குப் 'பொருள் பொறுப்பு' என்று பெயர். குறையுள்ள பொருளால் உடலுக்கோ வேறு உடைமைக்கோ சேதம் நேர்ந்தால், அதைத் தயாரித்தவர் ஈடுசெய்ய வேண்டும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தனி அத்தியாயமாகவே வைத்திருக்கிறது.

புளித்துக் கெட்ட மாவைக் கடைக்காரர் மாற்றித் தருவது வேறு. அந்த மாவில் சுட்ட தோசையைத் தின்று படுத்த பிள்ளையின் மருத்துவச் செலவைக் கேட்பது வேறு. பொருள் பொறுப்பு இரண்டாவது வகை. குக்கரின் விலையைத் திரும்பக் கேட்பது சாதாரணக் குறைபாட்டுப் புகார்.

தயாரிப்பாளரை ஏன் பிடிக்கிறார்கள்? வால்வு எப்படி வடிவமைக்கப்பட்டது, எங்கே பிசகியது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். சமைப்பவருக்குத் தெரிய வழியில்லை. விற்றவரும் சில சூழல்களில் சிக்குவார்: பொருளை அவரே மாற்றியமைத்திருந்தாலோ, தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டாலோ. நீங்களே வால்வை மாற்றியிருந்தால் வழக்கு நிற்பது கடினம்.

வெடித்த குக்கரை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நிறுவனத்தின் ஆள் பரிவோடு வந்து கேட்டாலும் கூடாது. அதுதான் முதன்மைச் சான்று. புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். படம், பில், மருத்துவச் சீட்டு ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, பொதுவாக 2 ஆண்டுகளுக்குள், புகார் அளிக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை.

வாரண்டி முடிந்தால் உரிமையும் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வாரண்டி என்பது பழுதுபார்த்துத் தரும் வாக்குறுதி மட்டுமே, தயாரிப்புக் குறையால் நேர்ந்த காயத்துக்கான பொறுப்பு அதோடு காலாவதியாவதில்லை.