ரம்மியும் கழுதையும் சலித்துவிட்டால் வேறு என்ன கடதாசி விளையாடலாம்?

நாலு பேர் இருக்கிறீர்கள், யாழ்ப்பாணத்தில் இருக்கிறீர்கள் என்றால் என் பதில் ஒன்றுதான்: முன்னூற்றி நாலு. அதைத் தெரிந்த பெரியவர் ஒருவர் உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார், கேட்டுப் பாருங்கள்.

52 கடதாசியில் 2 முதல் 6 வரை எடுத்துவிட்டால் மிச்சம் 32. இதில் பெரியது ராஜாவும் அல்ல, ஆஸும் அல்ல, ஜாக். அதற்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு, அதாவது ஒரே சின்னமுள்ள எட்டுக் கடதாசிக்கு 76, நாலு இனத்துக்கும் 304. பெயர் வந்தது அப்படித்தான்.

எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. முதலில் ஆளுக்கு நாலு கடதாசிதான் கிடைக்கும். அந்தப் பாதிக் கையை வைத்தே இத்தனை புள்ளி எடுப்போம் என்று குறைந்தது 160 கேட்க வேண்டும். கூடக் கேட்டவர் துரும்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் கடதாசி ஒன்றைக் கவிழ்த்து வைப்பார், அது எந்த இனம் என்று அவருடைய கூட்டாளிக்குக்கூடத் தெரியாது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். யார் எதை இறக்கினார், எதை ஒளிக்கிறார் என்று கவனித்தே துரும்பை ஊகிக்க வேண்டும்.

கேரளத்தின் இருபத்தெட்டும் இதே குடும்பம்தான். அங்கேயும் ஜாக்கும் ஒன்பதும்தான் பெரியவை. சிங்கள நண்பர்களோடு இருந்தால் ஓமி பழகுங்கள். அதற்கும் இதே 32 போதும், புள்ளிக் கணக்கு இல்லாததால் சீக்கிரம் பிடிபடும்.

சின்னப் பிள்ளைகளோடு என்றால், சரி, கழுதையே நல்லது.