பணக்கார நாடு ஒன்று எவ்வளவு வெளிநாட்டு உதவி கொடுக்கும் என்பதை எது தீர்மானிக்கிறது?

பரீட்சைக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வறுமை, மனிதாபிமானம், பழைய காலனித் தொடர்பு என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அது பொய்யில்லை. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதற்குத்தான் அது கூடுதலாகப் பொருந்தும். மொத்தம் எவ்வளவு என்பது கொடுக்கிற நாட்டின் உள்வீட்டு விவகாரம். 2021இல் அதை நேரிலேயே பார்த்தேன்.

அப்போது லண்டனில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கணக்காளராக இருந்தேன். மலாவியில் கிராமப் பள்ளிகளுக்கு மலசலகூடம் கட்டிக் கொடுத்தோம், பெரும்பாலும் பிரித்தானிய அரசின் உதவிப் பணத்தில். தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் உதவிக்கு என்று 2015இல் சட்டமே போட்ட நாடு இது. கொரோனாவில் வருமானம் சுருங்க, அந்த 0.7 சதவீதத்துக்கான தொகையும் தானாகச் சுருங்கியது. அது போதாதென்று, 2020 நவம்பரில் நிதியமைச்சர் ரிஷி சுனக் அதை 0.5 ஆக்குவதாக அறிவித்தார். மலாவியில் ஒரு பிள்ளையின் தேவைகூடக் குறைந்திருக்கவில்லை.

இரண்டாம் வருடப் பணம் வராது என்று மின்னஞ்சல் வந்தது. அங்கிருந்த பொறுப்பாளருக்குத் தொலைபேசியில் சொன்னது நான்தான். அவர் கோபப்படவில்லை. "குழி வெட்டியாச்சு, மேசனுக்கு என்ன சொல்ல?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உதவிப் பணம் எல்லாம் களவு போகிறது என்று எழுத வருபவர்களுக்கு: சீமெந்து மூட்டைக்குக்கூடப் பற்றுச்சீட்டு இருந்தது. ஒவ்வொன்றையும் நான் பார்த்தேன்.

அப்புறம், உதவி என்று எழுதுவதெல்லாம் வெளிநாடு போவதுமில்லை. கொடுக்கிற நாட்டுக்கே வந்து சேரும் அகதிகளின் முதல் 12 மாதச் செலவை உதவிக் கணக்கில் சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. 2022இல் இப்படி ஏறக்குறைய 370 கோடி பவுண்ஸ், மொத்த உதவியில் கால் பங்குக்கும் மேலே, பிரித்தானியாவுக்குள்ளேயே செலவானது. அகதிகளுக்குச் செலவழிக்காதே என்று நான் சொல்வதாகத் திரிக்க வேண்டாம். என் சித்தப்பாவே 1983க்குப் பிறகு இங்கே அகதியாக வந்தவர். அதை வேறு கணக்கில் எழுதுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கட்சி மாறினால் சரியாகும் என்றும் நினைக்காதீர்கள். 2025 பெப்ரவரியில் தொழிற்கட்சிப் பிரதமர் ஸ்டார்மர், பாதுகாப்புச் செலவைக் கூட்டுவதற்காக 2027இல் உதவி 0.3 சதவீதமாகும் என்றார். நோர்வேயோ ஒரு சதவீதத்தை ஒட்டியே கொடுத்து வருகிறது.

அந்த 2021 வெட்டில் எங்கள் அலுவலகத்தில் மூன்று பேருக்கு வேலை போனது, நானும் ஒருத்தி. மேலதிகாரிகள் யாருடைய சம்பளத்திலும் கை வைக்கவில்லை.