குடியை நிறுத்தியதும் வலிப்பு ஏன்?

கேள்வி: பல வருஷமாகக் குடித்த அண்ணன் திடீரென்று நிறுத்தினார், மறுநாளே வலிப்பு வந்துவிட்டது. நிறுத்தியது தப்பா?

பதில்: நிறுத்தியது தப்பே இல்லை, மருத்துவர் துணையில்லாமல் ஒரேயடியாக நிறுத்தியதுதான் ஆபத்து. மூளை செல்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற ரசாயனத்துக்கு என்எம்டிஏ என்றொரு ஏற்பி (அந்த ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும், செல்லின் மேலுள்ள புரதம்) உண்டு. 1989-ல் அமெரிக்காவில் லோவிங்கர் குழுவினர், ஆய்வகத்தில் வளர்த்த எலியின் மூளை செல்களில் ஆல்கஹாலைச் செலுத்திப் பார்த்தபோது, போதை தரும் அளவிலேயே அந்த ஏற்பி வழியாகப் பாயும் மின்னோட்டம் குறைந்தது. சரி, தினமும் இப்படி அமுக்கினால்? நாள்கணக்கில் ஆல்கஹாலில் வைத்த செல்களில் அதே ஏற்பியின் வேலை கூடிவிடுகிறது, ஈடுகட்டத்தான். அப்புறம் மது சட்டென்று நின்றால் அமுக்க ஆளில்லை, செல்கள் கட்டுக்கடங்காமல் துடிக்கும். வலிப்புக்கு இது முக்கியக் காரணம். அண்ணனை இன்றே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள், மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.