சீசியம்-137 காமா கதிரை விட்டால் எந்தத் தனிமமாக மாறும்?

வினாத்தாளில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. காமா விட்டால் எந்தத் தனிமமும் மாறாது. ஆல்ஃபா, பீட்டா, காமா மூன்றையும் கைடுகளில் ஒரே அட்டவணையில் அடுக்குவதால் வரும் வினை இது.

சீசியம் விடுவது பீட்டா. அணுக்கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாகிறது; எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் வெளியேறுகின்றன. நிறை எண் 137 அப்படியே இருக்க, அணு எண் 55 என்பது 56 ஆகிறது. அதாவது பேரியம். நூற்றுக்கு சுமார் 95 தடவை அந்தப் பேரியம் கிளர்ச்சி நிலையில்தான், அதாவது கருவில் கூடுதல் ஆற்றலோடுதான் பிறக்கும். அந்த நிலையின் அரை ஆயுள் (பாதி அணுக்கள் அடங்க ஆகும் நேரம்) இரண்டரை நிமிடம். அது அடங்கும்போது வருவதுதான் சீசியத்தின் பெயரில் சொல்லப்படும் 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா. (காமாவுக்குப் பதில் சுற்றுப்பாதை எலக்ட்ரானை உதைத்துத் தள்ளும் வழியும் உண்டு. தெரியும், பின்னூட்டத்துக்கு ஓடிவர வேண்டாம்.)

நம்பிக்கை இல்லையா? கல்லூரி ஆய்வகங்களுக்கென்றே சீசியம்-பேரியம் ஜெனரேட்டர் விற்கிறார்கள்; மின்சாரம் தருவதல்ல, உள்ளிருக்கும் சீசியத்திலிருந்து பேரியத்தைப் பிரித்துத் தரும் சாதனம். 0.9% உப்பும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைச் சில துளி செலுத்தினால் பேரியம் மட்டும் இறங்கும், சீசியம் உள்ளேயே தங்கும். துளிகளைக் கைகர் குழாயின் (கதிர்களை எண்ணும் கருவி) அடியில் வைத்து 30 நொடிக்கு ஒருமுறை எண்ணுங்கள். முதலில் பின்னணி எண்ணிக்கையை (துளிகள் இல்லாதபோதும் கருவி காட்டுவது) எடுத்துக் கழிக்க வேண்டும். மறந்தால் அரை ஆயுள் மூன்று, நான்கு நிமிடம் என்று இழுக்கும். கழித்த பிறகும் வரைகோடு இறங்காமல் ஓரிடத்தில் படுத்துவிட்டால் சீசியம் கசிந்திருக்கிறது என்று பொருள்.

மற்றவை சுருக்கமாக. ஆல்ஃபாவில் நிறை எண் 4, அணு எண் 2 குறையும்: யுரேனியம்-238, தோரியம்-234 ஆகும். புரோட்டான் மிகுந்த கருவுக்கு இரண்டு வழி: பாசிட்ரானை, அதாவது நேர்மின்னூட்டமுள்ள எலக்ட்ரானை, விடலாம் (PET என்னும் மருத்துவ ஸ்கேனில் பயன்படும் ஃபுளூரின்-18), இல்லையேல் உள்வட்ட எலக்ட்ரானைக் கவரலாம். இரண்டிலும் அணு எண் ஒன்று குறையும். பொட்டாசியம்-40 பெரும்பாலும் பீட்டா விட்டுக் கால்சியமாகிறது. பத்தில் ஒரு பங்குபோல எலக்ட்ரானைக் கவர்ந்து ஆர்கானாகிறது. பாறையின் வயதை இந்த ஆர்கானை வைத்துத்தான் கணிக்கிறார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 'எந்தக் கதிரானாலும் தடுக்க ஈயம்' என்று மனப்பாடம் செய்யாதீர்கள். பாஸ்பரஸ்-32 மாதிரி வலுவான பீட்டாவுக்கு நேராக ஈயத்தை வைத்தால், எலக்ட்ரான் அதில் சட்டென்று வேகமிழந்து எக்ஸ்-கதிரைக் கிளப்பும். அந்த பீட்டாவைத் தடுக்க ஒரு சென்டிமீட்டர் அக்ரிலிக் தகடு போதும். ஈயம் தேவைப்பட்டால் அக்ரிலிக்குக்கு வெளிப்பக்கம் வையுங்கள்.