இயங்குதளக் கையேடுகளில் பொருள் மயங்கும் வரிகள்: கேள்வி பதில்

கேள்வி: கோப்பின் சிடைம் என்பதை உருவாக்கப்பட்ட நேரமாகக் கொண்டு பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். அனுமதிகளை மாற்றினாலே அந்த நேரமும் மாறிவிடுகிறது. இது பிழையா?

பதில்: பிழையன்று. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் சிடைம் என்பது ஐனோடு (கோப்பைப் பற்றிய விவரங்களின் பதிவு) கடைசியாக மாறிய நேரம். உள்ளடக்கம் மாறினாலும், அனுமதியோ உரிமையாளரோ மாறினாலும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் அதைப் புதுப்பித்துவிடும். உள்ளடக்க மாற்றத்தை மட்டும் அறிய எம்டைம் இருக்கிறது. உருவாக்க நேரமே வேண்டுமென்றால், லினக்ஸ் 4.11 முதல் உள்ள ஸ்டேட்எக்ஸ் அழைப்பில் (அழைப்பு என்பது நிரல் கர்னலிடம் வைக்கும் கோரிக்கை) கேட்கலாம். கோப்பு முறைமை அதைப் பதிந்து வைத்திருந்தால் கிடைக்கும். விண்டோஸின் சி நூலகத்தில் இதே பெயருள்ள புலம் உருவாக்க நேரத்தைத்தான் தருகிறது என்பதால், இரண்டிலும் ஓட வேண்டிய நிரலில் இந்தப் புலத்தை நம்பாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: ரீட் அழைப்பு, கேட்ட பைட்டுகள் 'வரை' படிக்க 'முயலும்' என்கிறது கையேடு. தரவு இருக்கும்போது முழுவதும் வந்துவிடும்தானே?

பதில்: அப்படி எந்த உறுதியும் அந்த வரியில் இல்லை. பைப், சாக்கெட், டெர்மினல் ஆகியவற்றில் கேட்டதைவிடக் குறைவாக வருவது அன்றாட நிகழ்வு. இடையில் சிக்னல் (நிரலுக்குக் கர்னல் அனுப்பும் குறுக்கீட்டு அறிவிப்பு) வந்தாலும் குறையலாம். சாதாரணக் கோப்பானாலும், லினக்ஸில் ஒரே அழைப்பில் 2,147,479,552 பைட்டுகளுக்கு மேல் வராது. எனவே திரும்பி வரும் எண்ணைப் பார்த்து, மீதியை லூப்பில் படியுங்கள்.

கேள்வி: யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் ஆவணத்தில் 'அன்டிஃபைன்ட்', 'அன்ஸ்பெசிஃபைட்', 'இம்ப்ளிமென்டேஷன் டிஃபைன்ட்' என்று மூன்று சொற்கள் வருகின்றன. மூன்றும் ஒன்றுதானா?

பதில்: பேச்சு வழக்கில் ஒன்றுபோலத் தோன்றினாலும், அந்த ஆவணத்தில் மூன்றும் தனித்தனியே வரையறுக்கப்பட்டவை. முதலாவது, நிரலே தவறான மதிப்பைக் கொடுத்துவிட்ட நிலை. அதன்பின் எது நடந்தாலும் கேட்க முடியாது. இரண்டாவதில் உங்கள் நிரல் சரியானதுதான், ஆனால் விளைவு இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபடலாம், அதை அவர்கள் எழுதி வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மூன்றாவதில் எழுதி வைத்தே ஆக வேண்டும்.

கேள்வி: இந்த வேறுபாடு நடைமுறையில் யாரையாவது பாதிக்கிறதா? ஏட்டளவிலான நுணுக்கமாகத் தெரிகிறது.

பதில்: குளோஸ் அழைப்பைப் பாருங்கள். கோப்பை மூடும்போது சிக்னல் குறுக்கிட்டு 'ஈஇன்டர்' பிழை வந்தால், அந்த டிஸ்கிரிப்டரின் (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) நிலை 'அன்ஸ்பெசிஃபைட்' என்றது போசிக்ஸின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு. மூடப்பட்டதா, இன்னும் திறந்திருக்கிறதா என்று அந்த வரியிலிருந்து சொல்ல முடியாது. எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸான எச்பி-யூஎக்ஸில் அது திறந்தே இருக்கும். மறுபடி மூடாவிட்டால் டிஸ்கிரிப்டர்கள் கசியும். லினக்ஸிலோ பிழை திரும்புவதற்கு முன்பே எண் விடுவிக்கப்பட்டுவிடும். மறுபடி மூடினால், இதற்குள் வேறொரு த்ரெட் (அதே நிரலில் இணையாக ஓடும் இழை) அதே எண்ணில் திறந்த கோப்பு மூடப்படலாம், பழி மட்டும் அந்த அப்பாவி த்ரெட்டின் மேல் விழும். பிழை வந்தால் திரும்ப முயல்வது என்ற பொதுப் பழக்கம் ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் நஞ்சாகவும் ஆனது இப்படித்தான். 2024ஆம் ஆண்டுப் பதிப்பு எச்பி-யூஎக்ஸ் முறையையே தரமாக்கிவிட்டது; லினக்ஸ் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. ஆகவே லினக்ஸில் இந்த அழைப்பைத் திரும்ப முயலாதீர்கள்.

கேள்வி: பெயர் மாற்றும் ரீநேம் அழைப்பு 'அணுத்தன்மையுடன்', அதாவது பிரிக்க முடியாத ஒரே செயலாக, நடக்கும் என்று படித்து, அமைவுக் கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதிப் பெயர் மாற்றுகிறோம். மின்தடைக்குப் பிறகு சில வேளை கோப்பு காலியாகக் கிடக்கிறது.

பதில்: அந்தச் சொல் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற நிரல்களுக்கான உறுதி: பழைய கோப்பு அல்லது புதிய கோப்பு, இரண்டில் ஒன்றையே அவை காணும். மின்சாரம் போனால் வட்டில் என்ன இருக்கும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இங்கே நான் கையேட்டைத்தான் குறை கூறுவேன். யாருடைய பார்வையில் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. பெயர் மாற்றுவதற்கு முன் தற்காலிகக் கோப்பின் மீது, எழுதியதை வட்டுக்கு அனுப்பிவைக்கும் எஃப்சிங்க் அழையுங்கள். மாற்றிய பின் அது இருக்கும் கோப்பகத்தைத் திறந்து, அதன் மீதும் அழையுங்கள். கோப்புக்குச் செய்த எஃப்சிங்க், கோப்பகப் பதிவும் வட்டை அடைந்துவிட்டதாகப் பொருள்படாது என்று லினக்ஸ் கையேடே தனியாகச் சொல்கிறது.

கேள்வி: லினக்ஸில் நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் வரும் கேபி (kB) என்பது 1000 பைட்டா, 1024 பைட்டா?

பதில்: 1024. எழுத்தைப் பார்த்தால் 1000 என்றே கொள்ளத் தோன்றும். ஆனால் அதை மாற்றினால் அந்த வரிகளைப் படித்துப் பிரிக்கும் பழைய நிரல்கள் உடைந்துபோகும் என்பதால் அப்படியே நிற்கிறது.