அணி ஊர் மாறினால் பழைய வீரர்களின் பெருமை யாருக்கு?

அமெரிக்கக் கால்பந்து அணி இடம் மாறும்போது பழைய வீரர்களையும் உள்ளூர் ரசிகர்களையும் எப்படி மதிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாறு பெரும்பாலும் அணியோடு போய்விடும். ரசிகர் மனசு போகாது. 1984 மார்ச்சில் கோல்ட்ஸ் அணி பால்டிமோரிலிருந்து இரவோடு இரவாக லாரிகளில் சாமான் ஏற்றி இண்டியானாபொலிஸ் போனது. பால்டிமோர் காலத்தில் அணியின் நட்சத்திர வீரராக இருந்த ஜானி யுனைடஸ் அணிந்த 19-ஆம் எண்ணை அங்கே வேறு யாருக்கும் தருவதில்லை. நல்ல மரியாதைதான். ஆனால் அவர் அந்த இண்டியானாபொலிஸ் அணியைத் தன்னுடையதாக ஏற்கவே இல்லை. அவருடைய சிலை நிற்பதும் பால்டிமோரில்தான், பின்னால் வந்த ரேவன்ஸ் அணியின் மைதானத்துக்கு வெளியே.

என் பார்வையில் கிளீவ்லாந்துக்காரர்கள்தான் சரியாகச் செய்தார்கள். 1996-இல் அந்த ஊர் அணியான பிரவுன்ஸின் உரிமையாளர் அணியோடு பால்டிமோருக்குக் கிளம்பியபோது, விடாமல் போராடி, பெயர், நிறம், சாதனைகள் எல்லாவற்றையும் ஊரிலேயே தக்கவைத்துக்கொண்டார்கள். 1999-இல் புது அணி அதே பெயரில் களமிறங்கியது.